பயப்படத் தெரிந்த ஆள் தேவை

பயம் என்பது மனித உடம்பில் குடல்வாலுக்கு அடுத்தபடியாக அறுத்தெறிய வேண்டிய உறுப்பு என்றும், அந்த அறுவைச் சிகிச்சையை உலகத்திலேயே முதன்முறையாகத் தூத்துக்குடியில் வைத்துத் தானே செய்து முடிக்கப் போவதாகவும் ஜெனிஸ்டன் கர்வாலோ அறிவித்தான். அறிவித்த இடம் காஸ் ஏஜென்சி வாசல். அறிவித்தபோது அவன் ஒரு காலி சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருந்தான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. தன் பெயரில் ஒரு சாலை வரப்போகிறது, அதற்கு எந்தச் சந்திப்பில் பலகை வைப்பார்கள் என்று யோசிக்கும் முகம்.

"மொதல்ல சிலிண்டரை விட்டு எந்திரில. வரிசை நகருது," என்றார் பரிமளம் டீச்சர். அடுத்த தெருக்காரர். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அறிவியல் எடுத்தவர்; அந்தக் குற்றத்துக்காக இன்றுவரை வருந்துவதாகச் சொல்வார்.

நகர்ந்தது சிலிண்டர் வரிசை மட்டும்தான். ஆட்கள் வேப்ப மரத்தடியில் நிற்க, அவர்களுக்குப் பதிலாகச் சிலிண்டர்கள் வெயிலில் நின்றன. ஒவ்வொன்றின் தோளிலும் சாக்பீஸால் வீட்டுப் பெயர். சிலிண்டர் மனிதனுக்காக நிற்கும் ஊர் இது. மனிதன் சிலிண்டருக்காக நிற்கும் இடம் வேறொன்று இருந்தது. அது வளைகுடாவின் எண்ணெயும் காஸும் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணை.

கப்பல்காரர்கள் அதைக் கழுத்து என்பார்கள். உலகத்தின் அவ்வளவு பெரிய வயிற்றுக்கு அவ்வளவு சின்னக் கழுத்து. அங்கே சண்டை தொடங்கியதும் மாலுமிகள் போக மறுத்தார்கள். டீசல் இல்லாமல் விசைப்படகுகள் கரையில் கிடந்தன, ஐஸ் பாக்டரிகள் அடங்கின. செய்தியில் கேட்டபோதெல்லாம் அசையாத ஊர், பரோட்டாக் கடைகள் மூடியபோதுதான் அசைந்தது.

சரி, ஆளே வேண்டாம் என்று தானாக ஓடும் கப்பல்களைக் கட்டினார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. ஆளில்லாத கப்பலை அடித்தால் பத்திரிகையில் வணிகப் பக்கத்தில் ஒரு பத்தி. ஆள் இருந்தால் முதல் பக்கம், புகைப்படம், அழும் மனைவி. எனவே ஆளில்லாத கப்பல்களைப் பறக்கும் எந்திரங்கள் கூச்சநாச்சமில்லாமல் அடித்தன. அவற்றுக்கு ஊர் வைத்த பெயர் பருந்து. யார் விட்ட பருந்து என்று கேட்டால் ஒவ்வொரு கரையும் எதிர்க்கரையைக் கைகாட்டியது. கடைசியில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. கப்பலில் ஓர் உயிர் இருந்தால் பருந்துகள் அதைத் தொடக்கூடாது. உயிர் இருப்பதற்கு அத்தாட்சி, கப்பலிலிருந்து இடைவிடாமல் ஒலிபரப்பாகும் ஒரு மனித நாடி.

அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலிலும் ஒரே ஓர் ஆள். மார்பில் ஒரு பட்டை. வேலை, உயிரோடு இருப்பது. கப்பல் கம்பெனி அந்தப் பதவிக்கு உயிர்நிலை அலுவலர் என்று பெயர் வைத்தது. ஊர் நாடிக்காரர் என்றது.

"அப்போ ஒரு ஆளு அங்க போயி நெஞ்சைத் திறந்து காட்டுனாத்தான் எங்க வீட்ல ரசம் கொதிக்கும்," என்றார் டீச்சர்.

"இந்த மாசம் வரைக்கும்தான் டீச்சர். அடுத்த மாசத்துல இருந்து ஆளுக்குப் பதிலா என் பெட்டி போகும். உள்ள சிலுவை அத்தானோட நாடியைப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். உலகத்துலயே சுத்தமான நாடி! பருந்து தலைக்கு மேல வந்து நின்னாலும் அறுபத்திரண்டு. தூங்குனாலும் அறுபத்திரண்டு."

"மனுசனா, சுவர்க்கடிகாரமா?"

"பயமே கிடையாது டீச்சர் அவருக்கு. அதான் சொல்லுதேன், பயம் பழைய மாடல்." குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லிராதீங்க. ஏற்கெனவே ரெண்டு கப்பல் ஆளே இல்லாம, என் பெட்டியோட மட்டும் கழுத்தைத் தாண்டியாச்சு."

"ஒப்பந்தத்தை ஏமாத்திட்டீங்கன்னு சொல்லு."

"ரெண்டு பேரை வீட்ல இருக்க வெச்சோம்னு சொல்லுங்களேன்."

டீச்சர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "ஏல, வேற வழியே கிடையாதா? குழாய் போடுதோம், சூரியனைப் பிடிக்கோம், காத்தைப் பிடிக்கோம்னு நான் உங்களுக்குப் பாடம் எடுத்த காலத்துல இருந்து சொல்லுதாங்க."

"எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் சொல்லுவாங்க டீச்சர். விலை எறங்குனதும் அந்தக் கோப்பு மேல டீ கிளாசை வெச்சிருவாங்க."

மரத்தடியில் இவர்களோடு நின்றும் பேச்சில் சேராமல் இருந்தவள் ஜெனிஸ்டனின் அக்கா ரெக்ஸ்லின். நாடிக்காரர் சிலுவையின் மனைவி. நாடிக்காரர்களின் குடும்பத்துக்குக் கம்பெனி ஒரு சலுகை தந்திருந்தது. வீட்டு ஆளின் நாடியைக் கைபேசியில் பார்க்கலாம். ரெக்ஸ்லின் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்தபடியே அவள் உதடு லேசாக அசையும்.

"இங்க பாருங்க, அக்கா ஆரம்பிச்சுட்டா," என்றான் ஜெனிஸ்டன். "ஒவ்வொரு நாளும் அத்தானைக் கற்பனையில ஒரு தடவை சாகடிப்பா. அடக்கம் பண்ணுவா. பூசை வைப்பா. அப்புறம் நம்பரைப் பார்த்து எழுப்பி உக்கார வெச்சு டீ குடிப்பா. பாவம், இவளுக்கு வேற பொழுதுபோக்கு கிடையாது."

"உனக்கு நக்கலா இருக்கு. அவுகளுக்குப் பயம் விட்டுப்போச்சுல, அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ரெக்ஸ்லின். "முன்னெல்லாம் போன்ல குரல் நடுங்கும். இப்போ அந்தக் கழுத்துக்குள்ள இருந்துகிட்டு, கத்திரிக்காய் என்ன விலைன்னு கேக்காவ."

"அதுக்குப் பேர் வளர்ச்சிக்கா."

அப்போதுதான் அவன் கைபேசி அடித்தது. அவன் பொறியாளனாக இருக்கும் கப்பல் கம்பெனியின் மேலாளர் வானதி. வழக்கமாக வணக்கம் சொல்லித் தொடங்குகிறவர், இன்று "எங்க இருக்கீங்க, உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜெனிஸ்டனின் முகத்தில் என்ன கண்டாளோ, ரெக்ஸ்லின் சிலிண்டரை டீச்சரிடம் ஒப்படைத்தாள். "நானும் வாரேன்."

"உனக்கு அங்க என்ன வேலை?"

"சைக்கிளை எடுல."

பைக்குக்குப் பெட்ரோல் கிடையாது. அக்காவைக் கேரியரில் வைத்துத் துறைமுகச் சாலையின் எதிர்க்காற்றில் மிதித்தான். மனிதகுலத்தின் பயத்தை ஒழிக்கப் போகிறவனுக்கு முதல் பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கிற்று.

கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருந்தது. வானதி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றார். ரெக்ஸ்லினைப் பார்த்ததும் கை நின்றது. இவளை வெளியே இருக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையே ரெக்ஸ்லினுக்குச் சரியாகப் படவில்லை.

"நேத்து இன்னொரு கம்பெனி கப்பலை அடிச்சிட்டாங்க," என்றார் வானதி. "ஆள் இருந்த கப்பல். கொல்லத்துக்காரர். கடல்ல பழம் தின்னு கொட்டை போட்டவர். பட்டை சரியா வேலை செஞ்சிருக்கு, நாடி ஒலிபரப்பாகியிருக்கு. அப்படியும் அடிச்சிருக்கு."

"ஒப்பந்தத்தை மீறிட்டாங்களா?"

"இல்லை. அதுதான் பிரச்சினை." அவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். சமதரையில் போகும் ரயில் தண்டவாளம் போல நேராக ஓடிய நாடி. "பருந்து கிட்ட வந்து மூணு தடவை சங்கு ஊதியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்திருக்கு. இவர் நாடி அசையவே இல்லை. மூணாவது சங்குக்கு அப்புறம் அடிச்சிருச்சு. இது வேற ஒரு கப்பல். அதே நாள், அதே இடம்." இந்தக் கோடு முதல் சங்கிலேயே பனைமரம் போல எழுந்து நின்றது. "இந்தாளு புதுசு. நடுங்கிப் போயிருக்காரு. பருந்து திரும்பிப் போயிருச்சு."

ஜெனிஸ்டனுக்குப் புரிந்தது. "பூச்சாண்டி காட்டிப் பார்க்குது."

"ஆமா. பயந்தா நிஜ ஆள். பயப்படலைன்னா பதிவு செஞ்ச நாடி."

"இதை யார் அதுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

மேசையின் மேல், டீக் கோப்பைகளுக்கு நடுவே, அவனுடைய பெட்டி இருந்தது. வானதி அதைப் பார்த்தார். "உங்க பெட்டியோட மூணாவதா ஒரு கப்பல் போச்சு. போன வாரம் அதை அடிச்சிட்டாங்க. ஆள் இல்லையே, அதனால உங்ககிட்ட சொல்லலை. இன்சூரன்ஸ் வந்திருச்சு."

ஏமாற்றுகிறார்கள் என்று பருந்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் அது கோபப்படவில்லை, பாடம் படித்திருக்கிறது. ஒரு பருந்து படித்தால் எல்லாப் பருந்தும் படித்த மாதிரி. மூன்று கப்பல்களில், ஒரு தடவைகூடப் பிசகாமல், மூச்சுக்கு மூச்சு ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்த அந்த நாடி எப்படியிருக்கும் என்று அவை மனப்பாடம் செய்திருக்கும். பொய் நாடி என்றால் இப்படித்தான் இருக்கும். அறுபத்திரண்டு.

"அத்தான் கப்பல்..." என்றான்.

"கழுத்துக்குள்ள நுழைஞ்சாச்சு."

"திருப்பச் சொல்லுங்க!"

"அவ்வளவு நீளக் கப்பலைத் திருப்ப அங்க இடம் கிடையாது ஜெனிஸ்டன். பின்னாடி வேற கப்பல் வருது. மூணு மாவட்டத்துக்கு காஸ் அதுல..."

"நான் காஸைப் பத்திக் கேட்டேனா?"

"இல்லை. வாய்ல வந்திருச்சு. மன்னிச்சிருங்க," என்று வானதி ரெக்ஸ்லினைப் பார்த்துச் சொன்னார்.

செயற்கைக்கோள் இணைப்பில் சிலுவை வந்தபோது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். பெரிய திரையில் அவர் நாடி ஓடியது. 62.

"அத்தான், நான் ஜெனி பேசுதேன். கவனமா கேளுங்க. நீங்க பயப்படணும்."

"என்னது?"

"பயப்படணும் அத்தான். பருந்து இப்போ சங்கு ஊதிப் பார்க்கு. பயப்படலைன்னா அடிச்சிருது. நேத்து ஒருத்தரு செத்துட்டாரு."

"ஐயோ பாவம். பேரென்ன?"

62.

"அவரை விடுங்க! உங்களைச் சொல்லுதேன்!"

"சொல்லு மாப்ள, கேட்டுகிட்டுத்தான இருக்கேன். அடிச்சா என்ன செய்ய? கடல்ல கெடக்கும்போது எத்தனை புயல் பார்த்திருக்கேன். வரும், போகும். நீ சாப்டியா?"

ஜெனிஸ்டன் வாழ்நாளெல்லாம் மெச்சிய குரல் அது. இப்போது அதைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ரெக்ஸ்லின் எழுந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"என்னங்க, நம்ம வீட்ல தீப்பிடிச்சிருச்சு!"

மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

"ஏட்டி," என்றார் சிலுவை நிதானமாக, "காஸே இல்லாத வீட்ல எப்படித் தீப்பிடிக்கும்?"

வானதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்குக் கண்ணுல கட்டி வந்தப்போ டாக்டர் ஊசியைக் கண்டு அழுதீயளே, அதை நெனைங்க," என்று ரெக்ஸ்லின் மன்றாடினாள்.

"அது ஊசி. இது பருந்துதான?"

அந்தப் பக்கம் சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் கேட்டபோதே அறையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். தொழிற்சாலைச் சங்கு போல இல்லை. யாரோ தொண்டை கிழியக் கத்துவதைச் சங்கில் ஊற்றிக் காய்ச்சிய மாதிரி இருந்தது.

62.

"வந்துட்டான்," என்றார் சிலுவை. "எப்பவும் ஊதிட்டுப் போயிருவான்."

"இன்னைக்குப் போக மாட்டான் அத்தான்! நம்புங்க! இன்னும் ரெண்டே ரெண்டு சங்குதான்!"

"நம்புதேன்பா. நெஞ்சு கேக்க மாட்டேங்குதே. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? பழகிப்போச்சு."

இரண்டாவது சங்கு. 62. 63. மறுபடியும் 62.

ஜெனிஸ்டன் பொறியாளன் மாதிரி விளக்க வேண்டும் என்றுதான் வாய் திறந்தான். முதலில் ஒப்பந்தம், பிறகு பருந்து கற்கும் முறை, பிறகு தீர்வு என்று வரிசையாக மனதில் இருந்தது. வெளியே வந்தது வேறு. "அத்தான், உங்க நாடியைத்தான் பெட்டியில போட்டேன். நான்தான். அதைத்தான் அது பொய்னு படிச்சு வெச்சிருக்கு. உங்களைப் பார்த்தா அதுக்குப் பெட்டி மாதிரித்தான் தெரியும். நான்தான் அத்தான். எனக்கு..." இருட்டில் கையை விட்டுவிட்ட பிள்ளையிடமிருந்து வரும் ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அதை நிறுத்தவும் அவனுக்குத் தெரியவில்லை. பழக்கமில்லை.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏல ஜெனி," என்றார் சிலுவை. குரல் சின்னதாகியிருந்தது. "நீயா அழுத?"

70.

"உங்க அப்பா செத்த வீட்லகூட நீ அழலியேல."

84.

"அப்போ... நெசந்தானா?"

மூன்றாவது சங்கு ஊதியபோது கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. சிலுவை என்னவோ கத்தினார், வார்த்தையாக இல்லை. பருந்து கப்பலின் மேல் ஒரு வட்டமடித்தது. இன்னொரு வட்டம். பிறகு, ஆள் சரிதான் என்று அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் காவலாளி போல, விலகிப் போனது.

யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, ஒருவரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். ரெக்ஸ்லின் தம்பியின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். திரையில் நாடி இறங்கவே இல்லை.

கப்பல் வந்தது. ஊரில் அடுப்பு எரிந்தது, பரோட்டாக் கல் சுட்டது. சிலுவையும் வந்தார். பயம் அவரிடம் இத்தனை வருடத்து வட்டியோடு திரும்பியிருந்தது. குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடினார். ரெக்ஸ்லின் சோற்றை வடித்துத்தான் ஆக்கினாள். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் மனிதர் கதவிடுக்கில் போய் ஒட்டிக்கொள்வார். மணப்பாட்டுத் திருவிழா வெடிச் சத்தத்தில் தூங்கிய ஆள் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. இப்போது அதைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கம்பெனிக்கு மட்டும் மகிழ்ச்சி. "அவரோட நாடி இப்போ தங்கம்," என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்களாம். வேலை ஒப்பந்தப்படி அவர் வருடக் கடைசிவரை போக வேண்டும். அடுத்த கப்பலுக்குத் தேதியும் குறித்தார்கள்.

கூடவே பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. பயப்படத் தெரிந்த ஆள் தேவை. முன் அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

ஆள் கூட்டம் குவிந்தது. பட்டையைக் கட்டி, பருந்தின் சங்கை ஊதிச் சோதித்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து மார்பை நிமிர்த்தி வந்தவர்களை முதல் சங்கிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் பெயரைக் கூப்பிட்டதற்கே திடுக்கிட்டு எழுந்த ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கு அங்கேயே பணி நியமனம் கிடைத்தது. மற்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஜெனிஸ்டன் வானதியின் அறைக்குப் போய், நாற்காலியைக் காட்டி, "எனக்கும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க," என்றான்.

"எதுக்கு?"

"அத்தானுக்குப் பதிலா நான் போறேன். குடும்பத்துல மாற்று ஆள் போகலாம்னு விதி இருக்கு."

பட்டையைக் கட்டினார்கள். பின்னாலிருந்து சங்கை ஊதினார்கள். பயத்தை ஒழிக்கப் பிறந்தவன் நாற்காலியோடு கீழே விழுந்தான். வானதி திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நம்ம கம்பெனியிலயே இதுதான் முதல் மதிப்பெண்," என்றார். பாராட்டுவதா, துக்கம் விசாரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, எழுந்திருக்க உதவினார்.

இந்தச் செய்தியை அவன் காஸ் வரிசையில் அறிவிக்கவில்லை. யாரிடமும் அறிவிக்கவில்லை.

முதல் தடவை கழுத்தைக் கடந்தபோது பருந்து சங்கு ஊதுவதற்கு முன்பே கோடு உச்சிக்குப் போய்விட்டது. இரண்டாவது பயணத்தில் முதல் சங்கு ஊதியபோது போனது. மூன்றாவது பயணத்தில் மூன்றாவது சங்கு வரை இழுத்தது. பருந்து போன பிறகு அவன் அந்த வரைகோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பயமும் சிலிண்டர் மாதிரித்தான். திறந்து எரிக்க எரிக்க எடை குறைகிறது. குறைந்தால் மறுபடி நிரப்பித் தர எந்த ஏஜென்சியும் கிடையாது. ஊரில் அடுப்பு எரிவது எதனால் என்று டீச்சர் இப்போது கேட்டால் அவனால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியும். டீச்சர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவன் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருந்தாலும் அவர் எழுப்புவதில்லை.

அடுத்த கப்பலுக்குக் கிளம்பும் முன் அக்கா வீட்டுக்குப் போனான். ரெக்ஸ்லின் அடுப்படியில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் சிலுவை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற ஆளு நீதான."

"எப்படிக்கா பயப்படுத?"

கத்தி நின்றது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நக்கல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிற பார்வை. இல்லை.

"கொறையுதா?" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"கப்பல் வெடிக்கிறதை நீ நெனைக்க. அதான?"

"ஆமா. தீயி, புகை, தண்ணிக்குள்ள போறது..."

"அதுல ஒண்ணும் வராது. அது சினிமா." செதிலை உரசிக்கொண்டே, சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னாள். "பெருசா நெனைக்காத. சின்னதா ஆரம்பிக்கணும். கெட்ட சேதி சொல்ல வார கம்பெனி காரு நம்ம தெருவுக்குள்ள திரும்புது. அவ்வளவுதான். டிரைவர் கண்ணாடியை எறக்கி வீட்டு நம்பரைப் பார்க்கான். பக்கத்து வீட்டுப் பொம்பள நம்ம வீட்டைக் கைகாட்டுதா. காட்டிட்டு, சட்டுனு உள்ள போயிருதா. அதுவரைக்கும் போனாப் போதும். மிச்சத்தை நெஞ்சே பாத்துக்கிடும்."

"தினம் இதைத்தான் நெனைப்பியா?"

"தினம் காரு வேற தெருவுல போயி நிக்கும்னு முடிப்பேன். நீ முடிச்சிராத. நடுவுலயே நிப்பாட்டு."

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. "யாரு வந்திருக்கா?" என்றார் சிலுவை, பதறி.

"ஒண்ணுமில்ல, ஜெனிதான்," என்றாள் ரெக்ஸ்லின். தம்பியிடம் குரலைத் தாழ்த்தி, "மீன் எடுத்துட்டுப் போறியா? பொரிச்சுத் தாரேன்," என்று கேட்டாள். அவனும் எடுத்துக்கொண்டு போனான்.

கப்பலின் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, வட்டமாய் ஒரு கண்ணாடி. மதிய வெயிலில் கடல் தகரம் போல மின்னியது. கழுத்தின் ஒரு பக்கம் மலை தெரிந்தது, அவனுக்கு அதன் வளைவெல்லாம் இப்போது பாடம். பருந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றது. முதல் சங்கு.

பட்டையின் பச்சை எண் 71-லிருந்து 74-க்குப் போய் 71-க்கு வந்தது.

நல்ல வெயில், தூக்கம் வருகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே விபரீதம் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு அசையவில்லை.

இரண்டாவது சங்கு. 73.

ஜெனிஸ்டன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். கண்ணை மூடினான். உதடு லேசாக அசைந்தது.

கார் தெருவுக்குள் திரும்பியது. வெள்ளைக் கார். டிரைவர் கண்ணாடியை இறக்கி நம்பர் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண் கைகாட்டிவிட்டு உள்ளே போனாள். அக்கா கதவைத் திறந்தாள், கையில் ஈரம். கொரியர்காரன் என்றால் செருப்போடு நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பான். இவன் வாசலில் குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.